உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கிக்கு ஒரு பெட்டி

● முரட்டுப் பிளாஸ்டிக் பெட்டி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் பெயர் பெலிக்கன். அது துப்பாக்கிக்காகப் பிறந்த பெட்டி அல்ல. 1976-இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் டேவ் பார்க்கர் என்ற ஸ்கூபா டைவர் தன் வீட்டு கார் ஷெட்டில் தொடங்கிய தொழில் அது. கடலில் மூழ்குகிறவர்களுக்கு வேண்டிய சாமான்கள்தான் ஆரம்பச் சரக்கு. வேட்டைக்காரர்களும் போலீஸும் ராணுவமும் பிறகு வந்து சேர்ந்த வாடிக்கையாளர்கள். நம் சினிமா யூனிட்டுகளில் லென்ஸ் சுமக்கும் கறுப்புப் பெட்டிகளும் இதே குடும்பம்தான்.

● அமெரிக்காவில் துப்பாக்கியை விமானத்தில் கொண்டுபோகலாம். ஆனால் கைப்பையில் கூடாது. தோட்டா எடுக்கப்பட்டு, கெட்டியான பெட்டியில் பூட்டப்பட்டு, செக்-இன் கவுன்டரில் வாய்விட்டுச் சொல்லி, சரக்கறைக்குப் போக வேண்டும். இதை மறந்தவர்கள், அல்லது மறந்ததாகச் சொல்பவர்கள், கொஞ்ச நஞ்சமல்ல. 2023-இல் அந்நாட்டு விமான நிலையச் சோதனை வாயில்களில் சிக்கிய துப்பாக்கிகள் 6,737. அவற்றில் 93 சதவீதத்தில் தோட்டா நிரப்பியே இருந்தது. அபராதம் அப்போது கிட்டத்தட்ட 15,000 டாலர் வரை போனது.

● துப்பாக்கி வாங்கும்போது கடையில் கூடவே தரும் பிளாஸ்டிக் பெட்டி போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது போதாமல் போகலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ. தன் பயணிகள் குறிப்பிலேயே எச்சரிக்கிறது. சோதனை எளிது. நீளமான பெட்டியை நடுவில் ஒரே பூட்டுப் போட்டுப் பூட்டுங்கள். இப்போது ஒரு மூலையில் மூடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் வளைந்து இரண்டு விரல் நுழையும் இடுக்கு விழும். கொஞ்சம் பலமாக இழுத்தால் கையே போகும். கை போகிற பெட்டி, சட்டத்தின் கண்ணில் பூட்டாத பெட்டிதான். கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதனால் கடையில் பெட்டியைத் தட்டிப் பார்ப்பதைவிட, பூட்டுப் போடும் துளைகளை எண்ணிப் பார்ப்பது புத்திசாலித்தனம். நீளப் பெட்டிக்கு இரண்டு முனையிலும் துளை வேண்டும். நான்கு இருந்தால் இன்னும் நல்லது. துளையைச் சுற்றி எஃகுத் தகடு பதித்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் துளையில் எவ்வளவு உசத்தியான பூட்டைத் தொங்கவிட்டாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் அதைப் பிய்த்துவிடும். எத்தனை துளை உண்டோ அத்தனைக்கும் பூட்டு. ஒன்றை விட்டாலும் மேலே சொன்ன மூலை மறுபடி தூக்கும்.

● சாவி யாரிடம் இருக்க வேண்டும்? பயணியிடம் மட்டும். அமெரிக்க விதியின் சொற்களே அப்படித்தான். சாதாரண சூட்கேஸ்களுக்கு விற்கும், அதிகாரிகளிடம் பொதுச் சாவி உள்ள 'டி.எஸ்.ஏ. பூட்டு' வகையைத் துப்பாக்கிப் பெட்டிக்குப் போடலாமா என்ற வாக்குவாதம் அங்கே ஓயவே இல்லை. போடலாம் என்கிறது டி.எஸ்.ஏ.; வேண்டாம் என்கிறார்கள் அனுபவஸ்தர்கள். என் ஓட்டு அனுபவஸ்தர்களுக்கு. காரணம் அடுத்த துணுக்கில்.

● 2014-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் விமான நிலைய லக்கேஜ் சோதனை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதோடு வந்த ஒரு படத்தில் அந்தப் பொதுச் சாவிக் கொத்து முழுதும் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த ஆண்டு யாரோ அதைக் கவனித்தார்கள். சில வாரங்களில் அந்தச் சாவிகளின் அச்சு வரைபடங்கள் இணையத்தில் உலவின; முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருந்த யாரும் வீட்டிலேயே சாவி செய்துகொள்ள முடிந்தது.

● ஓட்டப்பந்தயம் தொடங்கச் சுடும் பொய்த் துப்பாக்கியும் அமெரிக்க விமானப் பயண விதிப்படி துப்பாக்கிதான். தீப்பொறி அடையாளம் காட்டும் ஃபிளேர் துப்பாக்கியும் அப்படியே. இதில் ஒரு தந்திரம் பிறந்தது. சில புகைப்படக்காரர்கள் லட்சக்கணக்கில் விலையுள்ள கேமராப் பெட்டியில் ஒரு பொய்த் துப்பாக்கியையும் வைத்து, கவுன்டரில் முறைப்படி அறிவித்தார்கள். இனி அந்தப் பெட்டிக்குச் சொந்தப் பூட்டு. அவர்கள் இல்லாமல் திறக்க முடியாது. தொலைந்தால் தேடுவதிலும் தனி அக்கறை. கேமராவைக் காப்பாற்றத் துப்பாக்கியைக் கூட்டிப்போனார்கள்.

● பெட்டியின் வெளியே 'உள்ளே துப்பாக்கி' என்று சீட்டு ஒட்டச் சொல்ல எந்த அமெரிக்க விமான நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது. அறிவிப்பு அட்டை பெட்டிக்குள்தான் போகும். திருடனுக்கு முகவரி எழுதிக் கொடுக்க வேண்டாம் என்பது எண்ணம். ஆனால் வாங்கியவர்களே துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர்களைப் பெட்டி முழுக்க ஒட்டி வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை!

● காரில் போனால்? அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு துப்பாக்கிச் சட்டம். ஒரு மாநிலத்தில் உரிமையாக இருப்பது அடுத்த மாநில எல்லையில் குற்றமாகிவிடும். வழிப்பயணிகளைக் காக்க 1986-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. தோட்டா இல்லாத துப்பாக்கி, எட்டாத இடத்தில் இருந்தால், இடையில் உள்ள மாநிலங்கள் பிடிக்கக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் பெட்டியும், இரண்டு சீட்டுக்கு நடுவில் உள்ள பெட்டியும் கணக்கில் வராது. பூட்டு இருந்தாலும் வராது.

● இதே சட்டத்தை நம்பிச் சிறைக்குப் போனவர் கதை இது. 2005 மார்ச் மாதம் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் பென்சில்வேனியா புறப்பட்டார். கைத்துப்பாக்கியைத் தோட்டா எடுத்து, கெட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தோட்டாவைத் தனியாகப் பூட்டி, கவுன்டரில் அறிவித்து, எல்லாம் முறைப்படி. வழியில் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் இறங்கியபோது விமானம் தாமதம். அடுத்த இணைப்பு தவறியது. ஊர் போய்ச் சேரப் பஸ்ஸில் ஏறினார். பெட்டி வரவில்லை என்று தெரிந்து இறங்கினார். பெட்டி கைக்கு வந்தபோது பஸ் போய்விட்டது. பெட்டியோடு ஓட்டலில் இரவு தங்கி, காலையில் மறுபடி விமான நிலையம் வந்து, நல்ல பிள்ளையாக 'என் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது' என்று அறிவித்தார். கைது. நியூ ஜெர்சி உரிமம் அவரிடம் இல்லை.

சில நாள் சிறையில் இருந்தார். பிறகு வழக்கு கைவிடப்பட்டது. அவர் நஷ்டஈடு கேட்டுத் தொடுத்த வழக்கு 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. நீதிபதிகள் சொன்ன காரணம், ஓட்டலில் இருந்த அந்த ஓர் இரவு பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆகவே சட்டம் தரும் காப்பு அந்த இரவில் அறுந்துபோனது. பெட்டியை வாங்காமல் விமான நிலையத்திலேயே விட்டிருக்க வேண்டும், அல்லது போலீஸிடம் பாதுகாக்கக் கொடுத்திருக்க வேண்டுமாம். அன்றிலிருந்து நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் இணைப்பு விமானம் மாறவே வேண்டாம் என்பது அங்குள்ள துப்பாக்கிக்காரர்களின் வாய்மொழிப் பாடம். பெட்டி எவ்வளவு உறுதியானாலும் டிக்கெட்டை அது காப்பாற்றாது.

● உலகெங்கும் விமானப் பயணிக்குத் தோட்டா அளவு ஆளுக்கு 5 கிலோ, பெட்டியின் எடையும் சேர்த்து. இரண்டு பேர் போனால் பத்துக் கிலோவை ஒரே பெட்டியில் அடுக்கக் கூடாது. தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும். விமான நிறுவனமும் நாடும் இதைவிடக் குறைத்து விதி வைத்திருக்கலாம், கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

● ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் நடுவே சுமார் 80 செ.மீ. தூரம். கணக்குப் போட்டால், பின்சைட் வெறும் 0.04 மி.மீ. நகர்ந்தாலே குண்டு அந்தப் புள்ளியின் முழு அகலத்துக்கு விலகிவிடும். தலைமுடியின் பருமன்கூட அதைவிட அதிகம். கன்வேயர் பெல்ட்டிலிருந்து பெட்டி ஒருமுறை தொப்பென்று விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இந்த ஆட்டக்காரர்கள் சைட்டைக் கழற்றித் தனி டப்பாவில் வைப்பார்கள், போன இடத்தில் பொருத்தி முதலில் பழகுசுடல் சுட்டுச் சரிபார்ப்பார்கள்.

● விழுந்துதான் சைட் நகர வேண்டும் என்பதில்லை. 2008 பெய்ஜிங்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட பழகுசுடலில் குண்டு எங்கோ போனதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார். யாரோ தன் துப்பாக்கியின் சைட்டைத் தொட்டிருக்க வேண்டும் என்று பின்னாளில் சொன்னார். அவசரமாகத் திருத்தித் தங்கமும் வாங்கினார். அரங்கத்துக்குள்ளும் பூட்டுக்கு வேலை இருக்கிறது.

● ஒலிம்பிக் பிஸ்டலுக்கு ஒரு பெட்டி கட்டாயம். சுமந்துபோக அல்ல, அளக்க! ஏர் பிஸ்டல் 420 × 200 × 50 மி.மீ. அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். கைப்பிடி துருத்திக்கொண்டு மூடி மூடவில்லையா? இழைத்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள்.

● ஏர் ரைஃபிளின் காற்றுச் சிலிண்டரில் 200 முதல் 300 பார் வரை அழுத்தம் இருக்கும். விமானத்தில் ஏறும் முன் அதைக் காலி செய்ய வேண்டும். பல விமான நிறுவனங்கள் துப்பாக்கியிலிருந்து கழற்றவும் சொல்லும். பெட்டிக்குள் இருக்கும் ஃபோமை வெட்டும்போதே சிலிண்டருக்குத் தனிப் பள்ளம் விட்டுவைப்பது நல்லது. சிலிண்டர் மேல் காலாவதித் தேதியும் இருக்கும். பத்து வருடம் தாண்டியதைப் போட்டியில் அனுமதிப்பதில்லை.

● இந்த ஃபோம் என்ன செய்கிறது? தூரத்தை வாங்கித் தருகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் 5 மில்லிமீட்டரில் நின்றால், அது தன் எடையைப் போல் சராசரியாக 200 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 5 சென்டிமீட்டரில் நின்றால் 20 மடங்குதான். துப்பாக்கி மேல் பொருத்தும் 700 கிராம் டெலஸ்கோப் ஒன்று தாங்குவது 140 கிலோவா 14 கிலோவா என்பதை அந்த நாலரை சென்டிமீட்டர் தீர்மானிக்கிறது. பஞ்சு போல மெத்தென்று இருந்தால் அடி வரை அமுங்கிப் பயனில்லாமல் போகும். கல்லாக இருந்தால் அமுங்கவே அமுங்காது. கையால் அழுத்திப் பார்த்து ஃபோம் வாங்குகிறவர்கள் எப்போதும் மெத்தென்றதையே தேர்ந்தெடுக்கிறார்கள். மெத்தை வாங்கவா போனோம்?

டெலஸ்கோப் பொருத்திய ரைஃபிளானால், பள்ளம் வெட்டும்போது பாரம் முழுவதும் துப்பாக்கியின் உடம்பிலும் கட்டையிலும் இறங்க வேண்டும். டெலஸ்கோப்பைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். அது ஃபோமில் உட்கார்ந்திருந்தால், விழும்போது துப்பாக்கியின் எடையையும் சேர்த்துச் சுமப்பது அதுதான்.

● சதுரம் சதுரமாகக் கிள்ளி எடுக்கும் ஃபோம் சுலபம், மலிவு, தண்ணீரையும் குடிக்கும். அது பாலியுரித்தேன், அறைகள் திறந்த ரகம். நம்மூர் மாதிரி புழுக்கமான இடத்தில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, பிறகு பொடிப்பொடியாக உதிரும். பழைய கேமராப் பை திறந்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் பிசின் பழக்கமாகியிருக்கும். அறைகள் மூடிய பாலிஎதிலீன் ஃபோம் விலை கூடுதல், கத்தியும் கொஞ்சம் வேலை வாங்கும். ஆனால் நீர் குடிக்காது. நீண்ட நாள் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் இதுதான்.

● தண்ணீர் புகாத பெட்டியில் துப்பாக்கி துருப்பிடிக்குமா? பிடிக்கும், அதிலும் சுகமாக. 32 டிகிரி வெயிலில், 75 சதவீத ஈரப்பதத்தில், சென்னை மாதிரி ஓர் ஊரில் 50 லிட்டர் பெட்டியை மூடினால், காற்றோடு சேர்த்து ஒன்றேகால் கிராம் நீராவியையும் மூடிவிட்டீர்கள். பெட்டி 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் பதினைந்து சொட்டுக்கு மேல் தண்ணீராகி, இருப்பதிலேயே குளிர்ந்த பொருளின் மேல் படியும். குழல் இரும்பு. வெளித்தண்ணீரைத் தடுக்கும் அதே ரப்பர் வளையம் உள்ளீரத்தையும் வெளியே விடாது. தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் நம் ஊர் விவசாயிகள், எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக் கொடுப்பதற்கும் இந்தத் துருப் பயம்தான் காரணம்.

மருந்து, சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறினால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். 110, 120 டிகிரியில் சூடு காட்டினால் மறுபடி தயார். பழைய நீலநிற ரகத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது புற்றுநோய்ப் பட்டியலில் உள்ள பொருள். வீட்டு அடுப்பில் வறுக்க வேண்டாம்.

● தோலுறையில் போட்டு, அந்த உறையோடு பெட்டியில் வைத்து, மாதக்கணக்கில் மறந்துவிடுபவர்கள் கவனிக்க. தோல் பதனிடும் ரசாயனம் இரும்பை அரிக்கும். உறை இடுப்புக்கு, பெட்டிக்கு அல்ல.

● கொலராடோவின் டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம். அங்கே காற்றுப் புகாமல் மூடிய நீளப் பெட்டியை மயாமி கடற்கரையில் திறக்கப் பார்த்தால், வெளிக்காற்று மூடியை 800 கிலோவுக்கு மேல் எடையோடு அழுத்திக்கொண்டிருக்கும். 130 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம் உள்ள மூடிக்கான கணக்கு இது. ஊட்டியில் ஷூட்டிங் முடித்து மூடிய அதே அளவுப் பெட்டி சென்னைக்கு வந்தால் ஒரு டன்னைத் தாண்டும். திறக்கவே முடியாது.

இதற்காகத்தான் கைப்பிடிக்குப் பக்கத்தில் பொத்தான் மாதிரி ஒரு வால்வு. காற்று போய்வரும், தண்ணீர் போகாது. பழைய பெட்டிகளில் அது கையால் திருகும் ரகம். திருகித் திறந்துவிட்டு மூட மறந்தால், ஆற்றில் விழுந்த அன்று நினைவுக்கு வரும். தானாக இயங்கும் ரகமே மேல்.

● பெட்டியில் 'ஐபி 67' என்று அச்சடித்திருந்தால், முதல் எண் தூசி, இரண்டாவது எண் தண்ணீர். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே கேடு வராது என்பது 7-க்குப் பொருள். அது புதுப் பெட்டிக்குத் தந்த மதிப்பெண். ரப்பர் வளையத்தின் மேல் ஒரு தலைமுடி, நாலு மணல் ஒட்டியிருந்தாலும் மதிப்பெண் செல்லாது. வீட்டிலேயே சோதிக்கலாம். செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்து மூடி, மெல்ல இழுங்கள். சுற்றிலும் ஒவ்வோர் இடமாக. வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் தண்ணீரும் வரும்.

● நிலவிலும் இந்தத் தூசித் தொல்லை இருந்தது. அப்போலோ பயணிகள் கல், மண் கொண்டுவந்த பெட்டிகள் ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்தவை. வாய் விளிம்பில் மென்மையான இண்டியம் உலோகப் பட்டை. கத்தி போன்ற விளிம்பு அதில் அழுந்தி மூடும். நிலவுத் தூசி விளிம்பில் படிந்து சில பெட்டிகள் சரியாக மூடாமல் பூமியின் காற்றை உறிஞ்சிக்கொண்டன.

● அலுமினியமா, பிளாஸ்டிக்கா? அலுமினியம் பார்க்க அழகு. அடிபட்டால் நசுங்கும், நசுங்கியது அப்படியே நிற்கும். விளிம்பு நசுங்கினால் மூடி பிறகு ஒருபோதும் நேராகப் பொருந்தாது. நல்ல பாலிபுரொப்பிலீன் பெட்டி அடிபட்டதும் உள்வாங்கி, மறுபடி நிமிர்ந்துவிடும். விமான நிலையத்துக்குப் பிளாஸ்டிக், வரவேற்பறைக்கு அலுமினியம் என்பது என் தீர்ப்பு.

● 'ராணுவத் தரம்' என்ற விளம்பரச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது அமெரிக்க ராணுவத்தின் மில்-ஸ்டாண்டர்டு 810 என்ற சோதனை நூல், 1962-இல் முதலில் வந்தது. அதன் விழுகைச் சோதனையில் பெட்டியை 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 தடவை போடுவார்கள். ஏன் 26? பெட்டிக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. கூட்டிப் பாருங்கள். சுவாரசியம் இனிமேல்தான். அந்த 26 விழுகையையும் ஒரே பெட்டிதான் தாங்க வேண்டும் என்பதில்லை. ஐந்து பெட்டிகள் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். அந்த நூலும் சான்றிதழ் தரும் அமைப்பல்ல. சோதித்தது யார், எத்தனை பெட்டியில் என்று கேட்டால் விற்பனையாளர் தலையைச் சொறிவார்.

● 'ஏ.டி.ஏ. 300, முதல் வகை' என்று போட்டிருந்தால் அது விமானப் போக்குவரத்துத் துறையின் பழைய அளவுகோல். நூறு முறை போய்வரும் பயணத்தைத் தாங்கும் பெட்டி என்று பொருள். மெல்லிசைக் கச்சேரிக்காரர்களின் ஸ்பீக்கர், கீபோர்டு பெட்டிகளிலும் இதைப் பார்க்கலாம்.

● எடையை யாரும் யோசிப்பதில்லை. முழு நீள ரைஃபிள் பெட்டி, ஃபோமோடு சேர்த்து, காலியாகவே 10 முதல் 12 கிலோ. விமானத்தில் சாதாரண அளவு 23 கிலோ. ஒலிம்பிக் ஏர் ரைஃபிளின் உச்ச எடை 5.5 கிலோ. மிச்சம் ஐந்தரை முதல் ஏழரை கிலோவுக்குள் சிலிண்டர், கருவிகள், பூட்டுகள் எல்லாம். துப்பாக்கியைப் போல் இரண்டு மடங்கு எடையில் பெட்டிக்குப் பயணச்சீட்டு எடுக்கிறோம்.

● ஆகவே கழற்ற முடிந்த துப்பாக்கியைக் கழற்றுங்கள். இரட்டைக்குழல் துப்பாக்கி நடுவில் பிரியும், 71 செ.மீ. குழல் உள்ளது 80 செ.மீ. பெட்டியில் அடங்கிவிடும். ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் ஓக் மரமும் தோலும் கொண்டு, உள்ளே கம்பளித் துணி ஒட்டி, அறை அறையாகப் பிரித்துச் செய்த பெட்டிகள் இந்தக் கணக்கில்தான் குட்டையாக இருந்தன. குட்டைப் பெட்டிக்கு இன்னொரு லாபம், பார்க்கிறவர்களுக்கு அது துப்பாக்கிப் பெட்டியாகவே தெரியாது.

● சக்கரம் வைத்த பெட்டியில் முதலில் சாவது சக்கரம். ஆணியடித்ததா, போல்ட் போட்டதா என்று கவிழ்த்துப் பாருங்கள். போல்ட் என்றால் மாற்றலாம். அந்த போல்ட் பெட்டியின் உட்புறம் வரை துளைத்துப் போகிறதா என்பதையும் பாருங்கள். போனால் நீர் புகாத பெட்டியில் நீர் புக வழி ரெடி.

● மொன்டானா மாநிலத்தின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் உள்ள ஒரு கரடிக் காப்பகத்தில் பெட்டிகளைச் சோதிக்கும் ஊழியர்கள் கிரிஸ்லி கரடிகள். உள்ளே தின்பண்டம் வைத்துப் பெட்டியைக் கொடுத்துவிடுவார்கள். கடிப்பது, குதிப்பது, உருட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் தாங்கினால் கரடிச் சான்றிதழ் உண்டு. பனிப்பெட்டிகள்தான் அதிகம் போகின்றன, சில பயணப் பெட்டிகளும் தேறியிருக்கின்றன.

● முதலில் சொன்ன டைவர் கம்பெனி, தன் பெட்டி உடைந்தால் மாற்றித் தருவதாக ஆயுட்கால உத்தரவாதம் கொடுத்துப் பெயர் வாங்கியது. அந்த உத்தரவாதத்தில் மூன்று விலக்குகள் உண்டு. சுறா கடித்தால் பொறுப்பில்லை. கரடி தாக்கினால் பொறுப்பில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கை வைத்தால் பொறுப்பில்லை.